பறக்காத கிளியும் படகோட்டிய காவலரும்

கிளி என்றாலே பறப்பதுதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் நியூசிலாந்து நாட்டின் ககாபோ கிளிக்குப் பறக்கத் தெரியாது. உலகக் கிளிகளில் எடை மிகுந்த இது, இரவில்தான் நடமாடும். ஆபத்து வந்தால் அசையாமல் நின்றுவிடும். கண்ணால் இரை தேடும் பறவைகளிடம் இந்த உபாயம் பலித்தது. மோப்பம் பிடிக்கும் விலங்குகளிடம் பலிக்கவில்லை.

13ஆம் நூற்றாண்டில் மவோரி மக்களுடன் நாயும் எலியும் அங்கு வந்தன. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் கொண்டுவந்த முயல்கள் பெருகி மேய்ச்சல் நிலங்களை அழித்தன. முயல்களைக் கட்டுப்படுத்த, 1880களில் கீரி போன்ற ஸ்டோட் என்ற விலங்கைக் கொண்டுவந்து விட்டார்கள். அது முயலோடு நிற்காமல் பறவைகளையும் வேட்டையாடியது.

1894இல் ரிச்சர்ட் ஹென்றி என்பவர் ரெசொல்யூஷன் தீவின் காவலராக நியமிக்கப்பட்டார். தன் நாய்க்கு வாய்ப்பூட்டு போட்டு, மணி கட்டி, அதன் மோப்பத்தால் ககாபோக்களைக் கண்டுபிடித்தார். நூற்றுக்கணக்கான பறவைகளைப் படகில் ஏற்றித் தீவில் கொண்டுபோய் விட்டார். ககாபோ எல்லா ஆண்டும் முட்டையிடுவதில்லை என்பதையும் கவனித்து எழுதினார். ஆனால் தீவு கரைக்கு மிக அருகில் இருந்தது. 1900இல் ஸ்டோட் நீந்தி வந்து சேர்ந்தது தெரியவந்தது. ஆறு ஆண்டு உழைப்பு வீணானது.

1970களில் ஹென்றி பணியாற்றிய ஃபியார்ட்லாந்து பகுதியில் மிஞ்சியவை சில ஆண் கிளிகள் மட்டுமே. பெண் கிளி இல்லாமல் இனம் எப்படிப் பிழைக்கும்? நல்லவேளையாக, 1977இல் தெற்கேயுள்ள ஸ்டூவர்ட் தீவில் ஒரு கூட்டம் இருப்பது தெரிந்தது. பின்னர் அதில் பெண் கிளிகளும் இருப்பது உறுதியானது. அங்கே பூனைகள் அவற்றைக் கொன்று வந்ததால், 1980களில் பூனைகள் இல்லாத தீவுகளுக்கு மாற்றும் பணி தொடங்கியது. ஹென்றி செய்ததும் இதைத்தானே! அவருடைய வழி தவறல்ல, அவருக்குக் கிடைத்த தீவுதான் பாதுகாப்பற்றது.

1995இல் 51 ஆக இருந்த ககாபோக்கள் 2022இல் 252 ஆயின. அவற்றின் உடலில் சிறு ரேடியோ கருவி பொருத்திக் கண்காணிக்கிறார்கள். ரிமு மரம் நிறையக் காய்க்கும் ஆண்டுகளில்தான் அவை முட்டையிடுகின்றன என்பதால், எண்ணிக்கை மெதுவாகவே கூடுகிறது.

1975இல் ஃபியார்ட்லாந்தில் பிடிபட்ட ஓர் ஆண் ககாபோவுக்கு ரிச்சர்ட் ஹென்றி என்றே பெயர் சூட்டினார்கள். அது 1998இல் மூன்று குஞ்சுகளுக்குத் தந்தையாகி, 2010இல் இறந்தது. தோற்றுப்போனதாகக் கருதப்பட்ட மனிதரின் பெயரும் வழியும் இன்றும் நிலைத்திருக்கின்றன.