ஓஸ்பிசியோ கபான்யாஸ்

மெக்சிகோவில், ஹலிஸ்கோ மாநிலத் தலைநகரான குவாதலஹாராவில் உள்ள பழைய ஆதரவற்றோர் இல்லம். இப்போது கபான்யாஸ் அருங்காட்சியகம் இதில் இயங்குகிறது.

1796-இல் இந்நகருக்கு ஆயராக வந்த ஹுவான் ரூயிஸ் தே கபான்யாஸ், அநாதைக் குழந்தைகள், முதியோர், தீரா நோயாளிகள், உடல் ஊனமுற்றோர் எல்லோருக்கும் ஒரே இடத்தில் அடைக்கலம் தர விரும்பினார். ஸ்பெயினில் பிறந்து மெக்சிகோ நகரில் பெயர் பெற்றிருந்த மனுவேல் தோல்சா வரைபடம் தந்தார். 164 மீட்டருக்கு 145 மீட்டர் பரப்பு; உள்ளே 23 முற்றங்கள். சமையற்கூடமும் சிற்றாலயமும் நீங்கலாக மற்றதெல்லாம் ஏழரை மீட்டர் உயரத்தில் ஒரே தளம். நடக்க முடியாதவர் படியேற வேண்டியதில்லை. முற்றங்கள் வழியே அறைகளுக்கு வெளிச்சமும் காற்றும் கிடைத்தன. தர்மத்துக்குக் கட்டுவதுதானே என்று எந்த இடத்திலும் கைகுறைத்துக் கட்டவில்லை.

1810-இல், வேலை முடியாமலே இல்லம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு விடுதலைப் போர் மூண்டதும் இது படைவீடானது. ஆயர் 1824-இல் இறந்தார். கட்டடம் 1845-இல்தான் நிறைவு பெற்றது.

இன்று பயணிகளை இழுப்பது சிற்றாலயம். இம்மாநிலத்திலேயே பிறந்த ஹோசே கிளெமென்தே ஒரோஸ்கோ, 1930களின் பிற்பகுதியில் இதன் சுவர்களிலும் கூரையிலும் 57 ஓவியங்களைத் தீட்டினார். ஈரச் சுண்ணாம்புப் பூச்சு உலர்வதற்குள் வண்ணம் ஏற்ற வேண்டிய வேலை இது. இளவயதில் வெடிமருந்து விபத்தில் இடக்கையை இழந்தவர் அவர். ஸ்பானியப் படையெடுப்பே பெரும்பாலும் பொருள்: அதன் தலைவன் கோர்த்தேஸ் உலோகத்தால் ஆனவன்போல நிற்கிறான், குதிரையும் இயந்திரமாகவே தெரிகிறது. குழந்தைகள் வாழ்ந்த இல்லத்துக்குக் கொஞ்சம் கடுமையான காட்சிகள்தாம்!

சிற்றாலயத்தின் முப்பது மீட்டருக்கும் மேல் உயர்ந்த குவிமாடத்தில் 'நெருப்பு மனிதன்'. எரிந்தபடி மேலெழும் அவனைக் கீழிருந்து பார்க்கையில் பாதங்கள் முன்னால் நிற்கின்றன. உடல் சுருங்கிக்கொண்டே போய்த் தலை தழலில் மறைகிறது. சுற்றிலும் கிடக்கும் சாம்பல்நிற உருவங்களால் அந்தச் சிவப்பு இன்னும் ஏறித் தெரிகிறது. நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்துதான் வலிக்கும். அங்குள்ள மரப்பலகைகளில் பயணிகள் மல்லாந்து படுத்தே பார்க்கிறார்கள்.

குழந்தைகள் 1980 வரை இங்கேயே வளர்ந்தனர். அதன்பின் கண்காட்சிகளுக்கும் கலை வகுப்புகளுக்குமாக மாறிய இவ்வளாகத்தை 1997-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. பலர் நெருப்பு மனிதனைப் பார்த்ததும் திரும்பிவிடுகிறார்கள். தோல்சாவின் திறமையை அறிய முற்றங்களையும் நடந்து பார்க்க வேண்டும். அதற்கு அரை நாளாவது ஒதுக்குங்கள்.