ஸ்லைடு ரூல் முதல் ஸ்லைடர் வரை

திருவனந்தபுரத்தில் டெக்னோபார்க் உருவானது 1990-ல். அங்கே இன்று வலைப்பக்கம் வடிவமைப்பவர்கள் கையாளும் ஸ்லைடர் கணினி யுகத்தில் பிறந்த எண்ணம் அல்ல. கோட்டின் மேல் ஒன்றை நகர்த்தி அளவு காணும் வழக்கம் அதைவிட மிகப் பழையது. 1939-ல் அந்நகரில் பொறியியல் கல்லூரி தொடங்கியபோதும், 1963 நவம்பர் 21 அன்று அருகிலுள்ள தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியபோதும், உலகெங்கும் பொறியாளர்களின் கணக்குக் கருவி ஸ்லைடு ரூல்தான். லாகரிதம் முறையில் கோடிட்ட கோல்களை நகர்த்தினால் பெருக்கல் கூட்டலாகிவிடும். ஆனால் கிடைப்பது ஏறக்குறைய மூன்று இலக்கம்; தசமப் புள்ளி எங்கே விழும் என்பதைக் கணக்கிடுபவரே நிதானிக்க வேண்டும். 1972-ல் ஹெச்பி-35 கால்குலேட்டர் வந்தபின் சில ஆண்டுகளிலேயே அந்தக் கோல் மறைந்தது. அது கற்றுத்தந்த பாடம் மறையக் கூடாது: தள்ளிப் பார்த்துப் பெறுவது உத்தேச அளவு.

வலைப்பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் விதிமுறையும் இதையே ஒப்புக்கொள்கிறது. சரியான எண் முக்கியமில்லாத இடத்துக்கு உரியது என்றே ஸ்லைடரைத் தரும் 'ரேஞ்ச்' வகையை அது வரையறுக்கிறது. 300 பிக்சல் நீளமுள்ள ஸ்லைடரில் பத்து லட்சம் ரூபாய் வரை கடன்தொகை கேட்டால், ஒரு பிக்சலுக்கு 3,333 ரூபாய். விரல் சற்றே அசைந்தாலும் தொகை பல ஆயிரம் மாறும்.

நகரும் கருவியால் நுட்பமாக அளக்க முடியாதா என்று கேட்கலாம். முடியும். ஆனால் அளவுக் கருவிகளின் நுட்பம் வெறும் நகர்த்தலால் வந்ததல்ல. 1631-ல் பியர் வெர்னியர் விளக்கிய முறையில், முதன்மை அளவுகோலோடு இரண்டாவது அளவுகோல் ஒன்று சேர்ந்த பிறகே நகரும் கருவி கோடுகளுக்கு இடைப்பட்ட அளவையும் சொன்னது. ஸ்லைடரின் பக்கத்தில் எண்ணைக் காட்டினால் போதாதா என்பது இன்னொரு கேள்வி. போதாது, எண்ணைப் பார்ப்பது வேறு, அதைத் திருத்த முடிவது வேறு. கைநடுக்கம் உள்ளவர்களுக்கு இழுப்பதே துன்பம். வலைத்தளங்களை எல்லோரும் பயன்படுத்த வழிகாட்டும், 2023-ல் வெளியான டபிள்யூசிஏஜி 2.2 நெறிமுறை, இழுத்துச் செய்யும் வேலைக்கு இழுக்காமல் செய்யும் மாற்றுவழியும் வேண்டும் என்கிறது.

ஒலியளவுக்கும் வெளிச்சத்துக்கும் ஸ்லைடர் போதும். பணம், வயது, மருந்தளவு கேட்கும் இடத்தில் எண்ணைத் தட்டச்சு செய்ய ஒரு பெட்டி கட்டாயம் இருக்க வேண்டும்.