பேசாத பிள்ளையும் பிறர் கையும்

மூன்று வயது நிறைந்தும் 'அம்மா' என்றழைக்காத பிள்ளை வளரும் வீட்டில் ஒவ்வொரு நாளும் ஒரு காத்திருத்தலே. அந்த வேதனையின் நடுவே யார் வந்து எந்தச் சிகிச்சையைச் சொன்னாலும் பெற்ற மனம் அதைப் பற்றிக்கொள்ளத் துடிக்கிறது. அது இயல்பே. ஆயினும் எதைப் பற்றுவது, எதை விடுவது எனத் தெளிய, கடந்த எண்பது ஆண்டு வரலாறு பெரிதும் துணைபுரியும்.

1943-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கன்னர் என்னும் மருத்துவர், 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர்களுள் 3 பேர் பேசவே இல்லை. ஆட்டிசம் என்று இன்று நாம் வழங்கும் நிலை மருத்துவ உலகில் தனியாக அறியப்பட்டது அக்கட்டுரையால்தான். இந்நிலை பிறவியிலேயே அமைவது என்று அவர் அதில் கருதினார். ஆனால் அப்பெற்றோரிடம் கனிவு குறைவு என்றும் எழுதிவைத்தார். பின்வந்தோர் முன்னதை மறந்து பின்னதைப் பிடித்துக்கொண்டனர்.

சிக்காகோவில் சிறுவர் பள்ளியொன்றை நடத்திய புரூனோ பெட்டல்ஹைம், தாயின் உள்ளக் குளிர்ச்சியே நோய்க்குக் காரணம் என்று 1967-இல் நூல் எழுதிப் புகழ்பெற்றார். பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்துவைப்பதே சிகிச்சையாயிற்று. பிள்ளை பேசாத துயரோடு, 'நானே காரணம்' என்ற பழியையும் எத்தனையோ தாய்மார் சுமந்தனர். இக்கருத்தை 1964-லேயே நூலெழுதி மறுத்தவர், ஆட்டிசம் உடைய மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லண்ட். 1969-இல் பெற்றோர் சங்கக் கூட்டமொன்றில் கன்னரே தோன்றி, பெற்றோர்மீது குற்றமில்லை என்று அறிவித்தார். 1977-இல் வெளிவந்த இரட்டையர் ஆய்வு, இதில் மரபணுக்களுக்குப் பெரும் பங்குண்டு என்று காட்டிற்று.

அடுத்து வந்தது பயிற்சியின் காலம். கலிபோர்னியாவில் ஐவர் லோவாஸ் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் 40 மணி நேரம் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளுள் 9 பேர் மற்றப் பிள்ளைகளைப் போலப் பள்ளி செல்லும் நிலையை அடைந்ததாகக் கூறினார். பெற்றோர் உள்ளங்களில் ஒளி பிறந்தது. ஆயினும் அக்குழந்தைகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டவர்கள் அல்லர் என்ற குறை இருந்தது. உரக்க அதட்டுவதும் தொடையில் அறைவதும் அப்பயிற்சியில் இடம்பெற்றிருந்தன என்பதையும் மறைப்பதற்கில்லை.

இவற்றினும் நம்மை ஆழ்ந்து சிந்திக்க வைப்பது, 'உதவியுடன் எழுதுதல்' என்னும் முறையின் கதை. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ரோஸ்மேரி கிராஸ்லி என்பார் 1970-களில் இதைத் தொடங்கினார். பேசாத பிள்ளையின் கையையோ மணிக்கட்டையோ உதவியாளர் தாங்கிப் பிடிப்பார். பிள்ளை எழுத்துகளைத் தட்டும். சிரக்கியூஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் டக்ளஸ் பிக்லென் 1990-இல் இதைப் பற்றி எழுதவே, அமெரிக்கா எங்கும் இது பரவிற்று. பேசாத பிள்ளைகள் கவிதை எழுதினர்; 'உங்களை நேசிக்கிறேன்' என்று பெற்றோருக்கு எழுதினர். அதைப் படித்துக் கண்ணீர் விடாத தாய் இருந்திருப்பாளா?

அதே கைகள் வேறொன்றையும் எழுதின. தந்தை தன்னிடம் தவறாக நடந்தார் என்ற குற்றச்சாட்டுகள் பல இடங்களில் வெளிப்பட்டன. குடும்பங்கள் பிரிக்கப்பட்டன. அப்போதுதான், எழுதுவது உண்மையில் யார் என்ற கேள்வி எழுந்தது. நியூயார்க் மாநிலத்தின் ஓ.டி. ஹெக் மையத்தில் இம்முறையைக் கையாண்டுவந்த 12 பேரையும் 9 உதவியாளரையும் சோதித்தனர். இருவருக்கும் ஒரே படத்தைக் காட்டியபோது விடை சரியாக வந்தது. வெவ்வேறு படங்களைக் காட்டியபோதோ, உதவியாளர் கண்ட படத்தின் பெயரே எழுதப்பட்டது. 1993-இல் இம்முடிவு வெளியாயிற்று. மறு ஆண்டே அமெரிக்க உளவியல் சங்கம் இம்முறைக்கு அறிவியல் சான்றில்லை என்று தீர்மானித்தது.

அந்த உதவியாளர்கள் வஞ்சகர்கள் அல்லர். தம் கையே எழுதுகிறது என்பதை அவர்களே அறியவில்லை. அன்பு மிகுந்த இடத்திலும் ஏமாற்றம் நுழையக்கூடும் என்பதே இதன் பாடம். பிள்ளைக்குக் குரல் கொடுப்பதாக எண்ணி, அதன் குரலையே நாம் பறித்துவிடக்கூடும். இதே முறை புதுப்புதுப் பெயர்களில் இன்றும் உலவுகிறது. எழுத்துப் பலகையை உதவியாளர் பிடித்துக்கொண்டு பிள்ளையைத் தூண்டும் முறையையும் தவிர்க்குமாறு அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கம் 2018-இல் அறிவுறுத்தியது.

அப்படியானால் பேசாத பிள்ளைக்கு வழியே இல்லையா? உண்டு. 1985-இல் டெலவேர் மாநிலத்தில் ஆண்டி பாண்டி, லோரி ஃபிராஸ்ட் இருவரும் பட அட்டை முறையை உருவாக்கினர். தனக்கு வேண்டிய பொருளின் படத்தை எடுத்துப் பிள்ளை எதிரில் இருப்பவரிடம் கொடுக்கும்; பொருளைப் பெற்றுக்கொள்ளும். தொடக்கத்தில் பின்னிருந்து கைபிடித்து உதவுபவர் மெல்ல மெல்ல விலகிவிட வேண்டும் என்பது இதன் விதி. முன் சொன்ன முறைக்கும் இதற்குமுள்ள வேற்றுமை இந்த விலகலில்தான் இருக்கிறது.

படமும் கருவியும் கொடுத்தால் பிள்ளை பேசவே முயலாது என்று அஞ்சுவோர் பலர். 2006-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பொன்றில், நம்பத்தக்க சான்றுள்ள 27 பேருள் ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை; பெரும்பாலோருக்குக் கூடவே செய்தது. 2014-இல் கோனி கசாரியும் உடனுழைத்தோரும் 5 முதல் 8 வயதுள்ள 61 குழந்தைகளிடம் செய்த ஆய்வில், விளையாட்டுவழிப் பயிற்சியோடு குரல் எழுப்பும் கருவியையும் முதலிலிருந்தே சேர்த்தபோது பயன் மிகுந்தது.

ஆகவே, முதலில் பிள்ளையின் செவித்திறனைச் சோதித்தறிவோம். பின்னர், யாரேனும் ஒரு சிகிச்சையைப் பரிந்துரைக்கும்போது சில கேள்விகளைக் கேட்போம். இதன் பயனை, இதனால் ஆதாயம் பெறாதவர் எவரேனும் சோதித்துள்ளாரா? சில மாதங்களில் முன்னேற்றத்தை எதைக் கொண்டு அளப்பீர்கள்? பிள்ளை அழுதாலும் தொடர்வீர்களா? உங்கள் கை எப்போது விலகும்? இவற்றிற்கு நேர்மையான விடை தராதவரிடம் பிள்ளையை ஒப்படைக்க வேண்டியதில்லை.

'தண்ணீர்' என்ற படத்தைத் தானே எடுத்து நீட்டும் ஒரு பிள்ளை, பிறர் கையால் எழுதப்பட்ட நூறு கவிதைகளைவிட அதிகமாகப் பேசிவிட்டது. அச்சொல் சிறியதே, ஆனால் அது அப்பிள்ளையின் சொந்தச் சொல்.