ஒரே வீட்டில் இரு எழுதுகோல்கள்

பெர்னார்டு மாலமூட் எனும் அமெரிக்க யூத எழுத்தாளர் 1971இல் 'குடியிருப்போர்' என்னும் பொருள்படும் நாவலொன்றை வெளியிட்டார். நியூயார்க்கில், இடிபடவிருக்கும் அடுக்கு வீடொன்றில் யூதர் ஒருவரும் கறுப்பினத்தவர் ஒருவரும் அண்டையராய் அமர்ந்து எழுதுகின்றனர். திறனாய்வும் காதலும் பகை மூட்டுகின்றன. யூதரின் கையெழுத்துப்படி எரிகிறது; மற்றவரின் தட்டச்சுப்பொறி கோடரிக்கு இரையாகிறது.

இது வெறுங் கற்பனையன்று. 1968இல் புரூக்லினில், கறுப்பின மக்கள் மிகுந்த ஓஷன் ஹில்–பிரௌன்ஸ்வில் வட்டாரப் பள்ளி வாரியம், பெரும்பாலும் யூதரான 19 கல்வியாளரை அகற்றியது. ஆசிரியர் சங்கம் மும்முறை வேலைநிறுத்தம் செய்தது. 36 பள்ளி நாள்கள் பாழாயின. இப்பூசலையும் தம் நாவலின் பின்னணியாக மாலமூடே குறிப்பிட்டார்.

குடியுரிமைப் போராட்டத்தில் தோள்கொடுத்த இரு இனத்தாரும் பள்ளி வாயிலில் பகைவராயினர். ஆசிரியரும் பெற்றோரும் தத்தம் நியாயம் பேசினர்; இழந்தவர் மாணவரே.