அல்போன்ஸ் பெனோவின் ரப்பர் விமானம்

மாதிரி விமானக் கலையின் முன்னோடி அல்போன்ஸ் பெனோ 1850இல் பாரிஸில் பிறந்தார். தந்தை கடற்படைத் தளபதி. இடுப்பு நோயால் மகனுக்குக் கடற்படையில் சேர வழியில்லாமல் போயிற்று. அந்த நோய் விமானவியலுக்கு நல்லதாகப் போயிற்று என்றுதான் சொல்ல வேண்டும்.

1871 ஆகஸ்ட் 18 அன்று பாரிஸின் துயிலரி தோட்டத்தில் அவர் பறக்கவிட்ட மாதிரி 11 நொடியில் சுமார் 40 மீட்டர் பறந்தது. எடை 16 கிராம்தான். நீண்ட குச்சியின் அடியில் கட்டிய ரப்பரை முறுக்கி விட்டால், அது பிரியும் வேகத்தில் பின்முனை விசிறி சுழலும். நுட்பம் வாலில் இருந்தது. இறக்கையைவிட வால் சற்றே கீழ்நோக்கிய கோணத்தில் அமைந்திருந்தது. மூக்கு தாழ்ந்து வேகம் கூடினால் காற்று வாலை அழுத்தும், மூக்கு தானாக நிமிரும். ஓட்ட ஆளில்லாமலே விமானம் நிலைகொண்டது.

இந்த நிலைப்பாட்டு நுட்பத்தை 'லேரோநாட்' இதழில் விரிவாக எழுதினார். 1876இல் பால் கோஷோவுடன் சேர்ந்து காப்புரிமை பெற்ற நீர்-நில விமான வரைவில் மடக்கும் சக்கரங்கள்கூட உண்டு. அதைக் கட்டுவதற்குப் பணம் கிடைக்கவில்லை. மனமுடைந்து 1880இல் உயிரை மாய்த்துக்கொண்டார்.

1878இல் ரைட் சகோதரர்களுக்குத் தந்தை வாங்கித் தந்த ரப்பர் ஹெலிகாப்டர் பொம்மையும் பெனோவின் வடிவமைப்பை ஒட்டியதே.