‘ஷெட்யூல் சி’க்கு விழுந்த விலை

அமெரிக்காவில் சொந்தமாகத் தொழில் செய்பவர் ஆண்டு வருமான வரிக் கணக்கோடு ‘ஷெட்யூல் சி’ என்ற படிவத்தையும் இணைக்க வேண்டும். தொழிலின் வரவும் செலவும் மிஞ்சிய லாபமும் அதில் இடம்பெறும். நிகர வருவாய் 400 டாலரைத் தொட்டால், சுயதொழில் வரியைக் கணக்கிடும் ‘ஷெட்யூல் எஸ்இ’யும் சேரும். 1950ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் சுயதொழிலாளரைச் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்குள் கொண்டுவந்தது. மறு ஆண்டு முதல் அந்த 400 டாலர் வரம்பு நடப்பில் இருக்கிறது. விலைவாசி எத்தனையோ மடங்கு ஏறியும் அது அசையவில்லை. சம்பளக்காரருக்கு முதலாளியும் தொழிலாளியும் பாதிப் பாதியாகக் கட்டும் தொகையைச் சுயதொழிலாளர் தாமே முழுதும் கட்டுகிறார். இன்றைய விகிதம் 15.3 விழுக்காடு.

மின்வழித் தாக்கல் 1986இல் சின்சினாட்டி, ராலே-டர்ஹம், பீனிக்ஸ் ஆகிய மூன்று நகர்ப்பகுதிகளில் சோதனையாகத் தொடங்கியது. கணக்கை அனுப்பியவர்கள் வரி செலுத்துவோர் அல்லர், அவர்களுக்காகக் கணக்கு எழுதும் முகவர்கள். வரித்துறையான ஐஆர்எஸ்ஸுக்கும் குடிமகனுக்கும் நடுவே கூலி வாங்கும் ஒருவர் இருப்பது அப்போதே வழக்கமாயிற்று. கணினி வீட்டுக்கு வந்ததும் பலருக்கு முகவரின் இடத்தை டர்போடாக்ஸ் போன்ற மென்பொருள்கள் பிடித்தன. 2007க்குள் 80 விழுக்காட்டுக் கணக்குகள் மின்வழியே வர வேண்டும் என்று 1998ஆம் ஆண்டுச் சட்டம் இலக்கு வைத்தது.

அந்த இலக்கை எட்ட அரசே இலவசத் தளம் தொடங்கியிருக்கலாம். 2002இல் நடந்தது வேறு. மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்போடு ஐஆர்எஸ் ஓர் ஒப்பந்தம் போட்டது. வருமானம் குறைந்தவர்களுக்கு நிறுவனங்கள் ‘ஃப்ரீ ஃபைல்’ என்ற பெயரில் இலவசச் சேவை தரும்; பதிலுக்கு, அரசு இந்தச் சந்தையில் இறங்காது.

ஃப்ரீ ஃபைலில் ‘ஷெட்யூல் சி’க்குத் தடையில்லை. அதற்கு வெளியே அதே நிறுவனங்கள் ‘இலவசம்’ என்று விளம்பரம் செய்த வணிகப் பதிப்புகளில்தான் சிக்கல். எளிய சம்பளக் கணக்கு மட்டுமே அங்கே இலவசம். சுயதொழில் வருமானத்தைக் குறித்ததும் உயர்விலைப் பதிப்புக்கு மாறச் சொல்லும். 2019இல் ப்ரோபப்ளிகா செய்தி நிறுவனம் 29,000 டாலர் ஈட்டும் வீட்டுத் துப்புரவுத் தொழிலாளி ஒருவரைக் கற்பனையாக வைத்து டர்போடாக்ஸில் கணக்கு நிரப்பிப் பார்த்தது. கேட்கப்பட்ட கட்டணம் 119.99 டாலர். ஃப்ரீ ஃபைல் வழியே போயிருந்தால் ஒன்றும் கொடுக்க வேண்டாம். அந்த இலவசப் பக்கமோ தேடுபொறிகளில் தென்படாதபடி மறைக்கப்பட்டிருந்தது.

இந்தக் கட்டணத்துக்கு வேலைப்பளுவைக் காரணமாகச் சொல்வது கடினம். துப்புரவுத் தொழிலாளியின் ‘ஷெட்யூல் சி’ நாலைந்து வரிகளில் முடிந்துவிடும். செலவு குறைந்த தொழில்களுக்கென ‘ஷெட்யூல் சி-ஈஇசட்’ என்ற சுருக்கப் படிவத்தை ஐஆர்எஸ்ஸே 2018ஆம் ஆண்டுக் கணக்கு வரை வைத்திருந்தது. தனியே தாக்கல் செய்யத் தயங்குபவர் பணம் கொடுப்பார் என்ற கணிப்பே விலையை நிர்ணயித்தது என்று கொள்வதே பொருத்தம்.

2019 இறுதியில் ஒப்பந்தம் திருத்தப்பட்டது. இலவசப் பக்கத்தை மறைக்கத் தடை வந்தது. சந்தையில் இறங்குவதில்லை என்ற அரசின் வாக்குறுதியும் நீங்கியது. வரிக் கணக்கு நிறுவனமான ஹெச் அண்டு ஆர் பிளாக்கும், டர்போடாக்ஸை நடத்தும் இன்டுயிட்டும் அடுத்தடுத்து ஃப்ரீ ஃபைலை விட்டு விலகின. ‘இலவசம்’ என்ற விளம்பரம் தொடர்பாக 2022இல் இன்டுயிட் 50 மாநிலங்களுடனும் சமரசம் செய்து, சுமார் 44 லட்சம் பேருக்காக 14.1 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது.

2024இல் ‘டைரக்ட் ஃபைல்’ என்ற அரசுத் தளம் 12 மாநிலங்களில் திறந்தது. மறு ஆண்டு அது 25 மாநிலங்களானது. இரண்டு ஆண்டும் சுயதொழில் வருமானத்துக்கு அதில் இடமில்லை. 2026 பருவத்துக்குத் தளமே இல்லை.

ஃப்ரீ ஃபைல் இன்னும் நடக்கிறது. வருமான வரம்பைத் தாண்டியவருக்கு 2009 முதல் நிரப்பும் படிவங்கள் உண்டு. அவை கூட்டல் கழித்தல் செய்யும், வழிகாட்டாது. கட்டணம் கொடுத்தே தாக்கல் செய்பவருக்கு ஒரு சிறு சலுகை: அதில் தொழில் சார்ந்த பங்கை, அதே ‘ஷெட்யூல் சி’யில் செலவாகக் காட்டிக் கழித்துக்கொள்ளலாம்.