அரை மில்லிமீட்டர் சிலந்திப் பேன்... கருவில் உடல் உருவாவதை மரபணு காட்டிக் கொடுப்பது எப்படி?

கத்தரி, வெண்டை இலைகளைத் திருப்பிப் பார்த்தால் சில நேரம் மெல்லிய நூலாம்படையும், அதில் ஊரும் புள்ளிகளும் தெரியும். அதுதான் சிலந்திப் பேன். பெயரில் பேன் இருந்தாலும் இது பூச்சி கிடையாது. சிலந்தி, தேளுக்குச் சொந்தக்கார உயிரி. இதில் 'இரு புள்ளி சிலந்திப் பேன்' என்ற ஒரே இனம் மட்டும் 1,100-க்கும் அதிகமான தாவர வகைகளில் வாழ்கிறது. வளர்ந்த பெண்ணின் நீளமே சுமார் அரை மில்லிமீட்டர்தான். அப்படியானால் அதன் முட்டை எவ்வளவு சின்னது என்று யோசித்துப் பாருங்கள். அதற்குள்தான் ஆய்வாளர்கள் மரபணு தேடினார்கள்.

எதற்காக?

பழ ஈயின் கரு வளரும்போது, அதன் உடல் முதலில் வளையம் வளையமாக, அதாவது கண்டங்களாகப் பிரிகிறது. அதற்கான மரபணுக்களில் சில, ஒன்று விட்டு ஒரு கண்டத்தில் கோடு போட்ட மாதிரி வேலை செய்யும். இப்படிப்பட்ட மரபணுக்களைக் கண்டுபிடித்ததற்காகத்தான் நுஸ்லைன்-வோல்ஹார்ட், வீஷாஸ் ஆகியோருக்கு 1995-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இந்த 'ஒன்று விட்டு ஒன்று' முறை பூச்சிகளுக்கு மட்டுமே உரியதா, அதைவிடப் பழையதா? பூச்சிகளும் சிலந்தி இனமும் 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டவை. அதனால் பதில் சிலந்திப் பேனிடம் இருக்கலாம் என்று நினைத்தார்கள்.

க்ளோனிங் என்றால் டாலி ஆடா?

இல்லை. இங்கே க்ளோன் செய்வது உயிரியை அல்ல, ஒரே ஒரு மரபணுவை. பல உயிரிகளில் மாறாமல் இருக்கும் டி.என்.ஏ. பகுதியைத் தூண்டிலாக வைத்து, பேனின் டி.என்.ஏ.வில் அதேபோன்ற துண்டைப் பிடித்து, பி.சி.ஆர். முறையில் பெருக்குவார்கள். (கொரோனா பரிசோதனையில் கேட்ட அதே பி.சி.ஆர்.தான்.) பிறகு அதை பாக்டீரியாவுக்குள் ஏற்றி நகல் எடுப்பார்கள்.

அடுத்து, அந்த மரபணு எங்கே வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். அதன் செய்தியோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும் ஆர்.என்.ஏ. துண்டைக் கருவுக்குள் செலுத்தி, நிறம் ஏற்றினால், மரபணு இயங்கும் செல்கள் மட்டும் கோடாகத் தெரியும்.

கிடைத்த பதில்

2002-ல் 'டெவலப்மென்ட்' இதழில் முடிவு வெளியானது. பழ ஈயின் 'பேர்டு' மரபணுவுக்கு உறவான ஒன்று, சிலந்திப் பேன் கருவிலும் தொடக்கத்தில் ஒன்று விட்டு ஒரு கண்டத்தில் தென்பட்டது. ஆக, இது பூச்சிகளின் சொந்தக் கண்டுபிடிப்பாக இருக்க வாய்ப்பு குறைவு.

2011-ல் முழு மரபணுத் தொகுப்பும் வெளியானது. சுமார் 9 கோடி எழுத்துகள். நமக்கோ 300 கோடி! வயிற்றுப் பகுதியை வடிவமைக்கும் 'அப்டாமினல்-ஏ' மரபணுவே இதில் காணோம். பேனின் உடல் கட்டையாக இருப்பதோடு இது பொருந்திப் போகிறது.

விவசாயிக்கு என்ன?

இந்த மரபணு நேரடியாக மருந்து தராது. ஆனால் வளர்ச்சியைத் தாக்கும் மருந்துகள் ஏற்கெனவே உண்டு. எடாக்சசோல் என்ற மருந்து தோலுக்கான கைட்டின் உருவாவதைத் தடுத்து, முட்டைகளையும் குஞ்சுகளையும் கொல்லும். சிக்கல் என்னவென்றால், கைட்டினை உருவாக்கும் புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினாலே பேன் தப்பித்துவிடுகிறது என்று 2012-ல் தெரியவந்தது. வெயில் காலத்தில் ஒன்றிரண்டு வாரத்திலேயே அடுத்த தலைமுறை தயாராகிவிடுவதால், அப்படித் தப்பித்த பேன்கள் தோட்டம் முழுக்கப் பரவ அதிக நாள் ஆகாது.